துட்டி கேட்க வரும் ராஜா

எங்கள் ராஜா ஒரே மாலையில், ஒரே நேரத்தில், ஏழெட்டு வீட்டில் உட்கார்ந்து துக்கம் விசாரிப்பார். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் ஊரில் ஆட்சியில் இருப்பவர் சாவு வீட்டுக்கு வருவதென்றால் தேர்தல் பக்கத்தில் இருக்க வேண்டும், கேமராக்காரன் கூடவே இருக்க வேண்டும். நெடுந்துறைத் தீவுகளில் அப்படி இல்லை. குப்பை வண்டி ஓட்டியவர் செத்தாலும் ராஜா வருவார். பாயில் உட்காருவார். கையைப் பிடித்துக்கொள்வார். செத்தவரைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, நாம் எவ்வளவு நேரம் பேசினாலும் கேட்டுக்கொண்டிருப்பார். புறப்படும்போது போய்வருகிறேன் என்று சொல்ல மாட்டார். துட்டி வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது என்று அவருக்குத் தெரியும்.

வருவது அவருடைய உடம்பு இல்லை. பிரதி. அவர் முகம், அவர் குரல், அவர் இருமல்கூட. கடல் பழைய கரையைத் தின்றபோது எங்கள் முன்னோரைப் படகுகளில் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே இறக்கியவரின் வம்சம் அது. வழியில் யார் செத்தாலும் அந்த முதல் ராஜா அந்தக் குடும்பத்தின் படகுக்குத் தாவிப் போய்க் கூட உட்கார்ந்தாராம். அது வழக்கமாகிவிட்டது. ஆட்சி, வரி, போலீஸ் எல்லாம் இப்போது நாடாளுமன்றத்திடம். ராஜாவுக்கு மிச்சம் இரண்டுதான். துட்டி கேட்பது, தண்டனை பெற்றவனை மன்னிப்பது. ஜனம் பெருகி, ஓர் உடம்பு எல்லா வீட்டுக்கும் போய்ச்சேர முடியாமல் ஆனபோது பிரதிகளைச் செய்தார்கள்.

பிரதியை மக்கள் ஏற்றுக்கொண்டது ஒரே காரணத்தால். ராஜா தூங்கும்போது பிரதிகள் கண்டது, கேட்டது எல்லாம் அவர் மூளைக்குள் போய்ச் சேர்ந்துவிடும். அதற்குச் சேர்ப்பு என்று பெயர். அதன்பிறகு பிரதிக்குள் எதுவும் இருக்காது, கழுவிக் கவிழ்த்த பாத்திரம்தான். காலையில் எழும்போது அத்தனை வீட்டுக்கும் தானே போய்வந்த ஞாபகம் ராஜாவுக்கு இருக்கும். மூன்று வருடம் கழித்துச் சந்தையில் பார்த்தால், "சின்னவனுக்குக் காது வலி சரியாச்சா?" என்று கேட்பார். இன்னொன்று, துட்டி வீட்டில் ராஜாவிடம் சொன்னது வாசலைத் தாண்டாது. சட்டமே இருக்கிறது. அப்படிச் சொன்னதிலிருந்து முளைத்த வழக்கு எதுவானாலும் செல்லாது.

நான் வடிவாம்பாள். பெரிய படகுத்துறையில் மைக்கில் படகு அறிவிப்பவள். என் முகம் பாதிப் பேருக்குத் தெரியாது, என் குரல் தெரியாதவர் கிடையாது. என் கணவர் அருணகிரி மாரடைப்பில் போன அன்று ராஜா வந்தார். அன்றைக்கு எனக்கு அழுகையைவிட அவமானம்தான் பெரிதாக இருந்தது.

காரணம் என் தம்பி மாசிலாமணி. புருஷன் செத்தால் பதினாறாம் நாளுக்குள் பிறந்த வீட்டிலிருந்து சகோதரன் கோடிப் புடவை கொண்டுவந்து போர்த்த வேண்டும். கோடி வராத பெண்ணை ஊர் பார்க்கிற பார்வையே வேறு. என் தம்பியோ தலைமறைவாக இருந்தான். அவன் குடியரசுக்காரன். பள்ளிக்கூடத்தில் ராஜா படத்துக்கு எல்லாப் பிள்ளைகளும் தலை குனிந்தபோது குனியாமல் நின்று அடி வாங்கியவன், அதைப் பெருமையாக இன்றுவரை சொல்லிக்கொள்பவன். அந்த மாதம் அவன் கூட்டம் துறைமுகத்தில் ஊர்வலம் போனபோது கட்டுப்பாட்டு அறை தீப்பிடித்தது. உள்ளே இருந்த காவலாளி லூர்து கதவு திறக்காமல் வெந்துபோனார். உயிர் உடனே போகவில்லை, ஆஸ்பத்திரியில் கிடந்தார். போலீஸ் மாசிலாவைத் தேடியது.

ராஜா என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, துட்டிக்கு வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டார்.

"கோடி போட யாரு வர்றாங்கம்மா?"

பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருக்கலாம். ஆனால் வாசலில் என் நாத்தனார்கள் இரண்டு பேர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறந்த வீடு செத்துப்போனவளைப் போல உட்கார எனக்கு மனம் வரவில்லை. ராஜாவின் காதோரம் குனிந்து சொன்னேன்.

"எந்தம்பி வருவான் ராசா. கிழக்குத் தீவு உப்புக் கிடங்குல இருக்கான். பதினாறுக்கு முந்துன நாள் கோடிப் பொடவையோட வந்துருவேன்னு எழுதி அனுப்பிச்சிருக்கான். எனக்கும் ஆளு இருக்கு."

அவர் என் கையை ஒருமுறை அழுத்தினார். மனசு லேசானது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் என் புருஷன் போன துக்கத்தைக்கூட இறக்கிவைத்தது போலிருந்தது.

பதினாறுக்கு முந்தின நாள் உப்புக் கிடங்கின் வாசலில், கையில் புடவையோடு, மாசிலாவைப் பிடித்தார்கள்.

வழக்கு நடந்தது. அறைக் கதவை வெளியே இருந்து பூட்டியது தான்தான் என்று அவன் ஒத்துக்கொண்டான். உள்ளே ஆள் இருப்பது தெரியாது என்றான், தீயும் தான் வைத்ததில்லை என்றான். பூட்டியதே போதும் என்று ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். நான் ஜெயிலுக்குப் போனபோதெல்லாம் என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லியனுப்பினான். காட்டிக்கொடுத்தது நான்தான் என்று நினைத்திருக்கிறான். அவன் இருந்த இடமும் வரும் நாளும் தெரிந்த ஒரே ஆள் நான்தானே. கூடப்பிறந்தவனுக்கு இப்படி ஒரு நினைப்பு வந்துவிட்டால் அதற்கு மேல் சோறு எப்படி இறங்கும்?

அந்த வருடமே வாக்கெடுப்பு அறிவித்தார்கள். முடியாட்சியா, குடியரசா. நான் முடி பக்கம். கேட்டவர்களுக்கெல்லாம் என் வீட்டுக்கு ராஜா வந்ததைச் சொன்னேன். அரண்மனைக் கட்சிக்காரர்கள் என் குரலைப் பதிவுசெய்து எல்லாத் தீவிலும் போட்டார்கள். எனக்கே கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

மாசிலாவின் வழக்கறிஞர் ஜெபராணி ஒருநாள் துறையின் டீக்கடையில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். வயதில் சின்னவள், வாய் பெரியது. எனக்கு அவளைப் பிடிக்கும்.

"வடிவக்கா, உங்க குரல கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. ராசாவ வேலைய விட்டுத் தூக்க முடியுமா? முடியாது. கோர்ட்டுக்குக் கூப்பிட முடியுமா? முடியாது. நல்லவரா இருந்தா நம்ம அதிர்ஷ்டம். அவரு புள்ள மோசமானவனா வந்தா?"

"ஓட்டு வாங்கி வந்தவன் மட்டும் உத்தமனா? அவன் துட்டி வீட்டுக்கு வந்தா பாதிக் கண்ணு பக்கத்து வீட்டு ஓட்டு மேலதான் இருக்கும். ராசாவுக்கு எங்கிட்ட ஒண்ணும் வேண்டாம்டி. எதுவும் வேண்டாத ஒரு ஆளு வந்து உக்காந்தாத்தான் மனுஷி வாய்விட்டு அழ முடியும்."

"வேண்டாம்னு யாரு சொன்னா? அடுத்த வாரம் அவருக்கும் ஓட்டு வேணும்ல?"

"கட்சிக்காரன் நாலு வருஷம் கழிச்சு என்னன்னு பார்க்கவே மாட்டான். ராசா தன் பேரன் காலம் வரைக்கும் யோசிக்கணும். ஒரு நாட்டுக்கு ஞாபகம்னு ஒண்ணு வேண்டாமா?"

"ஞாபகம் ஒரே ஒரு ஆளு தலைக்குள்ள இருந்தா அது நாட்டோட ஞாபகமாக்கா? அந்தத் தலைக்குள்ள எட்டிப் பாக்க உங்களுக்கோ எனக்கோ உரிமை இருக்கா?"

நான் டீயைக் குடித்து முடித்தேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"வம்புக்கு வரலக்கா. ஒண்ணு கேக்கணும். துப்பு யாரு குடுத்ததுன்னு கோர்ட்டுல கேட்டேன். மேலிடத்துலருந்துன்னு சொல்லி முடிச்சுட்டாங்க. ஆனா பிடிச்ச போலீசுக்காரன் ஒருத்தன் வாய் தவறி உளறிட்டான். புடவையோட வெளிய வர்றவனப் பிடிங்கன்னுதான் உத்தரவாம். கோடி விஷயம் யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் அவனுக்கும். ஒட்டின கடுதாசியக் கொண்டுவந்த பையனுக்குக்கூட பொடவை விஷயம் தெரியாது."

"வேற யாருகிட்டயும் சொல்லல?"

"சொல்லலடி. நான் என்ன..."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"யாருகிட்டக்கா?"

"துட்டிக்கு வந்தவருகிட்ட," என்றேன்.

ஜெபராணி சத்தம் போடவில்லை. சந்தோஷப்படவும் இல்லை. என் கிளாஸை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு விளக்கினாள். பிரதிக்குள் பதிவு எதுவும் கிடையாது, யாரும் திருட முடியாது. வெளியே வந்திருந்தால் ராஜாவே சொல்லித்தான் வந்திருக்க வேண்டும். அவர் சொன்னார் என்று நிரூபித்தால் சட்டப்படி வழக்கே செல்லாது, மாசிலா அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். ஆனால் ராஜாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றச் சட்டம் இல்லை. வாக்கெடுப்பில் முடி தோற்றால் மட்டும் அவர் நம்மைப்போல ஒரு குடிமகன், அப்போது கூப்பிடலாம்.

"இப்ப சொல்லுங்க, யாருக்கு ஓட்டு கேக்கப் போறீங்க?" என்றாள்.

எனக்கு நம்பிக்கை முழுக்கப் போகவில்லை. இயந்திரம்தான் ஏதோ கோளாறு பண்ணியிருக்கும், ராஜாவுக்கே தெரிந்திருக்காது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அரண்மனைக்குப் போனேன். துட்டி கண்ட குடும்பத்துக்கு அங்கே வாசல் திறந்தே இருக்கும்.

ராஜா தோட்டத்துப் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

"வாங்கம்மா. முட்டி வலி எப்படி இருக்கு? நிக்காதீங்க, உக்காருங்க."

"நீங்க பிரதியா, ஆளா?"

"ஆளுதான்."

"அப்ப நேரா கேக்கறேன் ராசா. எந்தம்பி உப்புக் கிடங்குல இருக்கான்னு போலீசுக்கு எப்படித் தெரிஞ்சுது? உங்க பிரதி ஏதாவது கெட்டுப்போச்சா?"

ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று தவித்தேன். அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுத்திருப்பேன்.

"பிரதி கெடலம்மா. நான்தான் சொன்னேன்."

நான் எழுந்துவிட்டேன். அவர் எழவில்லை.

"அன்னைக்குச் சாயங்காலம் நான் உங்க வீட்டுல இருந்தேன். அதே நேரம் மேற்குத் தீவுல லூர்து வீட்டுலயும் இருந்தேன். அவனும் அன்னைக்குத்தான் செத்தான். அவங்கம்மா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, எம்புள்ளய எரிச்சவன் எங்க இருக்கான் ராசான்னு கேட்டாங்க. தெரியாதும்மான்னு சொன்னேன். அந்த நேரத்துக்கு அது உண்மை. காலைல கண்ண முழிச்சேன். தெரியும். அவங்க கேள்வியும் உங்க பதிலும் ஒரே தலைக்குள்ள பக்கத்துல பக்கத்துல கிடக்குது. நான் என்னம்மா பண்ணியிருக்கணும்?"

"வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும். அதுக்குத்தான் உங்களுக்கு அரண்மனை கட்டிக் குடுத்திருக்கு."

"ரெண்டு வாரம் இருந்தேன். பதினாறுக்கு ரெண்டு நாள் முன்னாடி, காலைச் சாப்பாட்டுல முதலமைச்சர்கிட்ட சொல்லிட்டேன்."

"நான் உங்கள நம்பிச் சொன்னேன். எங்க நாத்தனாருங்க முன்னாடி மானம் போகக்கூடாதுன்னு சொன்னேன். எந்தம்பி என்னைத் துரோகின்னு நினைச்சுக்கிட்டு ஜெயில்ல இருக்கான்."

"தெரியும். அந்த ஞாபகமும் என்கிட்டதான் இருக்கு. நீங்க காதோரம் குனிஞ்சப்ப உங்க மூச்சு சுட்டது."

அவருக்கு என் மூச்சுகூட ஞாபகம் இருக்கிறது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது. மறந்துபோய்ச் செய்தார், தெரியாமல் செய்தார் என்றால் ஆறியிருக்கும். எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்.

"கோர்ட்டுல வந்து இதையே சொல்லுங்க. அது போதும். அவன் வெளிய வந்துருவான்."

"என்னைக் கூப்பிடச் சட்டமில்ல."

"நீங்களா வரலாமே. அதுக்கும் சட்டம் தடையா?"

"வந்தா அதோட துட்டி முடிஞ்சுதும்மா. நாளைக்கு எந்த வீட்டுலயும் யாரும் என்கிட்ட வாயத் திறக்க மாட்டாங்க. இத்தனை ஜனத்துக்கு அழறதுக்கு இருக்கறது நான் ஒருத்தன்."

"மன்னிப்பாவது குடுங்க. உங்க கையில இருக்கே."

"குடுத்தா லூர்து அம்மா மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது?" என்றார். குரல் உடைந்திருந்தது. அது நடிப்பு இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கும்பிடாமல் வெளியே வந்தேன். அன்றிலிருந்து முடிக்கு ஓட்டு கேட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பதிவுசெய்த என் குரலை அவர்கள் நிறுத்தவில்லை. தெருவில் நடந்தால் நானே எனக்கு எதிராகக் கத்திக்கொண்டிருந்தேன்.

ஜெபராணி போய்ச் சொன்ன பிறகு மாசிலா என்னைப் பார்க்கச் சம்மதித்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எலும்பும் தோலுமாக வந்து உட்கார்ந்தான். என்னைக் கண்டதும் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

"மன்னிச்சுருக்கா. உன்னப் போயி நினைச்சேனே."

"விடுடா. என் வாய்தானே காரணம். அந்த வாயாலயே சரிபண்றேன்."

சொன்னேன். வாக்கெடுப்புக்கு முந்தின நாள் மாலை எல்லாத் தீவுக்காரர்களும் ஓட்டுப் போட ஊருக்குத் திரும்புவார்கள். துறையில் நிற்க இடமிருக்காது. ஐந்து மணிப் படகை அறிவிக்கும் நேரத்தில் மைக்கில் எல்லாவற்றையும் போட்டு உடைப்பேன். ராஜா என்னிடம் ஒத்துக்கொண்டதை அவர் சொன்ன வார்த்தையிலேயே சொல்வேன். அதே குரல், இத்தனை நாள் முடிக்காகக் கத்திய குரல். ஜனம் நம்பும். முடி விழுந்தால் அவர் கூண்டில் ஏறியாக வேண்டும். அந்த ஆளால் பொய் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும்.

"இத யாருக்கிட்டயும் சொல்லலடா. ஜெபராணிகிட்டகூட இல்ல. உங்கிட்ட மட்டும்தான்."

"அஞ்சு மணிப் படகா?" என்று கேட்டான்.

"ஆமா."

"கண்டிப்பா அஞ்சு மணிதானா?"

ஆவலில் கேட்கிறான் என்று நினைத்தேன். கண்ணாடியில் கையை வைத்தான், நானும் இந்தப் பக்கம் வைத்தேன்.

அந்த நாள் வந்தது. துறை நிரம்பி வழிந்தது. நான் மைக் அறையில் உட்கார்ந்து என்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிப் படகு வர வேண்டிய நேரத்துக்குச் சற்று முன்னால் வெள்ளைப் படகு ஒன்று வந்து நின்றது. அரண்மனைப் படகு. மேல்தளத்தில் ராஜா நின்றார். ஆளா பிரதியா, அங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில், கழுத்து நிறைய மாலையோடு, என் தம்பி.

ஜனம் முதலில் புரியாமல் நின்றது. படகின் ஒலிபெருக்கியில் மாசிலாவின் குரல் கேட்டது.

"நான் மாசிலாமணி. குடியரசு அணியில இருந்தவன். ராசா எனக்கு மன்னிப்புக் குடுத்திருக்காரு. துட்டி வீட்டுல கேட்டத ராசா வெளிய சொல்லிட்டாருன்னு சில பேரு வதந்தி கிளப்பறாங்க. அது பொய். என்னைக் காட்டிக் குடுத்தது எங்க கூட்டத்து ஆளு, நாகூரான். இந்த ராசா மாதிரி ஒரு மனுஷன் எந்தக் குடியரசுலயும் கிடைக்க மாட்டாரு."

சொல்லிவிட்டு ராஜாவின் காலைத் தொட்டான். பள்ளிக்கூடத்தில் குனியாதவன் நெற்றி தரையில் படக் குனிந்தான். துறையே கைதட்டியது. நாகூரான் எங்கள் தெருப் பையன், வாக்கெடுப்புக்காக வீடுவீடாக அலைந்துகொண்டிருந்தவன். இனி அவன் வீட்டு ஜன்னல் தப்பாது.

கூட்டம் ராஜாவைச் சூழ்ந்தபோது மாசிலா படியேறி என் அறைக்கு வந்தான். மாலையைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, கோவப்படாத. மைக்க தொடாத."

"நான் உங்கிட்ட மட்டும் சொன்னதை அவருகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அது ஒண்ணுதான்க்கா எங்கிட்ட இருந்துச்சு, வேற எதக் குடுத்து வெளிய வர்றது? ஆயுளுக்கா. ஆயுளுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? நீ பேசி, முடி விழுந்து, கேசு நடந்து... எத்தன வருஷம்? விழாமயே போயிட்டா?"

"நாகூரான் என்னடா பண்ணினான்?"

அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "யாரையாவது சொல்லணும்னாங்க." பிறகு அவசரமாக, "நீ பேச மாட்டேன்னு ராசாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். நீ ஒரு வார்த்த பேசினாலும் இன்னைக்கே திரும்ப உள்ள போட்ருவாங்க. உன் கையிலதான் இருக்கேன்," என்றான்.

அவனைத் தூக்கி வளர்த்த கை இது. ஒரு அறை விட்டிருக்கலாம். நான் ஒன்றும் செய்யவில்லை. அவன் படியிறங்கிப் போய் மறுபடியும் ராஜாவின் பக்கத்தில் நின்றுகொண்டான். ராஜா என்னை விற்றார், தம்பி என்னை விற்றான், இரண்டு பேருக்குமே சரக்கு ஒன்றுதான், நான் நம்பிச் சொன்ன வார்த்தை. ஐந்து மணிப் படகு வந்து நின்றது. அதை நான் அறிவிக்கவில்லை.

அறைக் கதவை யாரோ தட்டினார்கள். வயதான பெண். கையில் பை, கண்ணில் தடித்த கண்ணாடி.

"படகு சொல்ற பொண்ணு நீதானேம்மா? மேற்குத் தீவுப் படகு எதுன்னு கேக்க வந்தேன். ஏதோ கைதட்டு, கூச்சல். எனக்குக் கண்ணும் சரியாத் தெரியல, காதும் பத்தல. ராசா பக்கத்துல மாலையும் கழுத்துமா நிக்கறது யாரு?"

"மாசிலாமணின்னு ஒருத்தர்," என்றேன்.

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"துறைமுகத்துத் தீயில... அந்த மாசிலாமணியா?"

"ஆமா. ராசா மன்னிச்சு விட்டுட்டாரு. நீங்க யாரும்மா?"

"செபத்தி. லூர்தோட அம்மா."

நான் அவளைப் பிடித்து என் நாற்காலியில் உட்காரவைத்தேன். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாந்தரம் வந்தாரும்மா எங்க வீட்டுக்கு. அவராவே வந்தாரு. அழாதீங்க, அவன் ஒளிஞ்சிருக்கிற இடம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு, ஒரு துட்டி வீட்டுல காதுல விழுந்துச்சு, நானே சொல்லிட்டேன், நாளைக்குப் பிடிச்சுருவாங்கன்னு என் தலையத் தொட்டுச் சொன்னாரு. நான் எவ்வளவு கும்பிட்டேன் தெரியுமா அவர? வயசாளிங்களுக்குன்னு நேத்தே வந்து ஓட்டு வாங்கிட்டாங்க. ராசாவுக்குத்தான் போட்டேன். இப்ப அவனயே கூட்டிட்டு வந்து மாலை போட்டு நிக்கறாரே. எம்புள்ளைக்கு என்ன பதிலு?"

அவள் சொன்னதை நான் மூன்று தரம் எனக்குள் ஓட்டிப் பார்த்தேன். துட்டி வீட்டில் காதில் விழுந்தது. நானே சொல்லிவிட்டேன். ஒரு சாட்சி. அதுவும் செத்தவனின் தாய். இவள் இதைச் சொன்னால் ராஜா பதில் சொல்லியே ஆக வேண்டும், நாகூரான் பிழைப்பான், முடி நாளைக்கு நிற்காது. நான் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம், தம்பி கொடுத்த வாக்கும் கெடாது. மன்னிப்பைப் பிடுங்கி அவனை உள்ளே போட்டாலும், வழக்கே செல்லாது என்று கோர்ட்டே அவனை விட்டுவிடும். அதற்குப் பிறகு யார் தயவும் தேவையில்லை. எந்தப் பழியும் இல்லாதவனாக அவன் தெருவில் நடப்பான்.

லூர்துவின் கதவைப் பூட்டியவன் அப்படி நடப்பதற்கு லூர்துவின் அம்மாதான் வழி. அவளுக்குச் சட்டம் தெரியாது. நான் யார் என்பதும் தெரியாது.

"அம்மா, இத அவருகிட்டயே கேக்கறீங்களா?"

"எனக்கு எப்படிம்மா அங்க போக முடியும், இந்தக் கூட்டத்துல?"

"போக வேண்டாம். எங்கிட்ட சொன்னத ஒரு வார்த்த விடாம இதுல சொல்லுங்க. துறை முழுக்கக் கேக்கும்."

மைக்கை அவள் வாயருகே திருப்பி வைத்துப் பொத்தானை அழுத்தினேன். அவள் பேசினாள். மெதுவாக, திக்கித் திக்கி, தலையைத் தொட்டுச் சொன்னதுவரை ஒன்றையும் விடாமல் சொன்னாள். கைதட்டல் நின்றது. படகில் ராஜா அந்தக் குரல் வந்த திசைக்குத் திரும்பினார், அசையாமல் நின்றார். என் தம்பி என் ஜன்னலையே பார்த்தான். கீழே யாரோ ஒருவன் "அப்ப உண்மையா?" என்று கத்தினான். அதன்பிறகு யார் என்ன கத்தினார்கள் என்று பிரித்துக் கேட்க முடியவில்லை.

பொத்தானை விட்டேன். செபத்தியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, தட்டுத்தடுமாறி என் இரண்டு கையையும் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ நல்லா இருக்கணும்மா," என்றாள். "ராசாவே கைவிட்டுட்டாரு. எம்புள்ளைக்காக நீ ஒருத்தியாவது இருக்கியே."